மூலையிலே ஒரு துளை

பதுளையிலிருந்து மலையிறங்கி, காடும் வயலும் கடந்து வரும் நெடுஞ்சாலை, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் சாலையோடு வந்து கூடும் இடமே செங்கலடி. ஒருபுறம் ஏறாவூரும், மறுபுறம் வந்தாறுமூலையும், அருகே வாவியும், மேற்கே பரந்த நெல்வயல்களும் சூழ்ந்த ஊர் அது. சாலைகள் கூடும் ஊர்களிலே கைத்தொழிலாளர்களும் கூடுவது இயல்பு. மரவேலை செய்யும் ஓடாவி, இரும்புவேலை செய்பவர், உழவு இயந்திரம் திருத்துபவர், மின்கம்பி இழுப்பவர் ஆகிய அனைவருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. அதுதான் துளை இடுதல். திறந்த வெளியிலே துளை இடுவது எவருக்கும் எளிது. கையும் கருவியும் நுழையாத ஒரு மூலையிலே துளை இடுவது எவ்வாறு, அதற்கான கருவியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இப்பேச்சின் பொருள்.

இஃது ஓர் அற்பமான காரியமாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின், கீழ்மாகாணத்து மக்கள் இதனை அற்பமென்று தள்ளிவிட முடியாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியை அவர்கள் இன்னும் மறந்திலர். அந்த ஓர் அனர்த்தத்தில் 900க்கு மேற்பட்ட உயிர்கள் மாய்ந்தன. தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. எண்ணற்ற வீடுகள் கூரை இழந்து நின்றன. அந்த இரவைக் கண்ட முதியோர் பலர், சுவர்கள் இடிந்ததைக் காட்டிலும் கூரை பறந்ததையே முதலிற் கூறுவர்.

கூரை ஏன் பறக்கிறது? காற்று மேலிருந்து அமுக்குவதாற் கூரை கெடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. பெருங்காற்று கூரையின்மீது விரைந்து ஓடும்பொழுது அதனை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. கதவோ யன்னலோ உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், கீழிருந்தும் ஒரு தள்ளுதல் சேர்கிறது. அவ்வேளையில், சுவரின்மேற் படிந்திருக்கும் வளையும், அவ்வளையின்மேல் ஏறும் கைமரங்களும் எதனாற் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதே வினா. வெறும் ஆணி அறைந்திருப்பின், அது தன் நீளத்தின் வழியே இழுக்கப்பட்டுக் கழன்றுவிடும். மரத்தை ஊடுருவிச் சென்று, மறுபுறத்தில் வாசரும் நட்டும் பூட்டப்பட்ட போல்ற்று ஆணி அவ்வாறு கழலாது. இரும்புப் பட்டியொன்றை வளைத்துக் கைமரத்தையும் வளையையும் சேர்த்துப் போல்ற்றினால் முடுக்கிய வீடு, காற்றுக்கு எளிதில் விட்டுக்கொடாது.

புதுவீடு கட்டுபவர்க்கு இதிலே தொல்லை இல்லை. கைமரங்களைத் தூக்கி ஏற்றுமுன் நிலத்திலே கிடத்தி, அளந்து, நேராகத் துளையிட்டுக்கொள்ளலாம். அனுபவமுள்ள ஓடாவிகள் அவ்வாறே செய்வர். நிலத்தில் முடிக்கக்கூடிய துளையை முகட்டுக்கு எடுத்துச் செல்லாமை முதல் விதி. தொல்லை பிறப்பது பழைய வீட்டிலேதான். முன்னோர் கட்டிய வீடுகளும், போரின் ஆண்டுகளிற் கைவிடப்பட்டு 2009இன் பின்னர் திருத்தப்பட்ட வீடுகளும் இப்பகுதியிற் பல. அவற்றின் கூரையைப் பிரிக்காமல், இருந்தபடியே பிணைப்பை உறுதியாக்க வேண்டுமாயின், சுவரும் கூரையும் சந்திக்கும் அந்தக் குறுகிய மூலைக்குள்ளேதான் துளையிட வேண்டும்.

ஓர் ஓடாவி ஏணியின்மேல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே ஓடு தலையை முட்டுகிறது. ஒருபுறம் சுவர். மறுபுறம் அடுத்த கைமரம். துளைபட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கும் எட்டுகிறது. ஆனால், துளைக்கருவியை அதற்கு நேரே நிறுத்துவதற்கு இடமில்லை. அவர் செய்யக்கூடியவை மூன்று. கருவியைச் சாய்த்துப் பிடித்துக் கோணலாகத் துளையிடலாம். துளையே இடாமல் நாலு ஆணிகளை அறைந்துவிட்டு இறங்கலாம். அல்லது, அந்த மூலைக்கென்றே அமைந்த கருவியைத் தேடலாம். முதல் இரண்டினையும் வீட்டுக்காரர் கண்டறிய மாட்டார். வேலை முடிந்தபின் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அடுத்த பெருங்காற்று வரும்பொழுதே வேறுபாடு தெரியவரும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று ஒரு பழமொழி உண்டு. பெரும்பாலான தொழில்களில் அது மெய்யே. ஆனால், மூலையிலே அது பொய்த்துவிடுகிறது. கைத்திறன் எவ்வளவு மிகுந்திருப்பினும், ஒரு முழக் கருவி அரை முழ இடத்திலே நேராக நிற்காது.

இங்குத் துளைக்கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயன்தரும். நம் தச்சர்கள் பண்டைக்காலந்தொட்டுத் துறப்பணம் கொண்டு மரத்தைத் துளைத்து வந்தனர். கயிற்றை மாறி மாறி இழுக்க, அதன் தண்டு சுழன்று மரத்தினுள் இறங்கும். மின்சாரத்தால் இயங்கும் துளைக்கருவிக்கு 1889ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ஆதர் ஆர்நொட், வில்லியம் பிறெயின் என்னும் இருவர் உரிமை பெற்றனர். 1895இல் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனத்தார் கையிலே தூக்கிச் செல்லக்கூடிய ஒன்றை ஆக்கினர். 1917இல் அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனத்தார், கைத்துப்பாக்கியைப் போன்ற பிடியும் விரலால் அமுக்கும் விசையும் கொண்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றனர். அதே நிறுவனத்தார் 1961இல் பற்றறியால் இயங்கும் கருவியையும் சந்தைக்குக் கொணர்ந்தனர். இன்று செங்கலடிச் சந்தியில் ‘றில் மெசின்’ என்று கேட்டால் கையிற் கிடைப்பது அந்தத் துப்பாக்கி வடிவமே.

அவ்வடிவத்தின் சிறப்பே அதன் குறையும் ஆகும். பின்னாலே மோட்டார், அதற்கு முன்னாலே பற்சில்லுகள், அதற்கு முன்னாலே ஊசியைக் கவ்வும் சக், அதற்கும் முன்னாலே துளையூசி. இவை யாவும் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஊசியை விலக்கி, கருவியை மட்டும் அளந்தாலே சாதாரணமான பற்றறிக் கருவி ஏறத்தாழ 180 முதல் 200 மில்லிமீற்றர் நீளும். மின்கம்பி பூட்டியவை பல இதனினும் நீளமானவை. ஊசியின் நீளத்தையும் கூட்டினால் 300 மில்லிமீற்றர், அதாவது ஓர் அடி இடம், நேர்கோட்டிலே வேண்டியதாகிறது.

இந்த நேர்கோட்டை முறித்துவிட்டால் தொல்லை தீரும் அன்றோ? அதனைச் செய்வதே செங்கோணத் தலை. இதனுள்ளே சரிவாகப் பல் வெட்டப்பட்ட இரண்டு பற்சில்லுகள் ஒன்றையொன்று செங்கோணத்திலே கவ்விக்கொண்டு நிற்கின்றன. தலையின் வால் போன்ற தண்டைத் துளைக்கருவியின் சக்கிலே பூட்டினால், மோட்டாரின் சுழற்சி தலைக்குள் புகுந்து, 90 பாகை திரும்பி, ஊசிக்குச் சென்று சேர்கிறது. கருவி சுவரோடு ஒட்டிக் கிடக்க, ஊசி மட்டும் சுவருக்குக் குறுக்கே நின்று சுழலும். பல் வைத்தியரின் கருவியை இதற்கு உவமையாகக் கூறலாம். வாயினுள்ளே கடைவாய்ப் பல்லைக் குடைவதற்கு நேரான கருவி உதவாது. ஆகவேதான் அவருடைய கருவியின் நுனியிலே சிறியதொரு தலை கோணமாகத் திரும்பியிருக்கிறது. வாய்க்குள்ளே வைத்தியர் கண்ட வழியை, முகட்டுக்குள்ளே ஓடாவி மேற்கொள்கிறார்.

இனித் தெரிந்தெடுக்கும் முறையைக் காண்போம். கடைக்குச் செல்லுமுன் மூலைக்குச் செல்லவேண்டும். கடைக்காரர் கருவியின் வலிமையைக் கூறுவார். மூலையின் அளவை அவர் அறியார். அங்கே எடுக்கவேண்டிய அளவுகள் மூன்று.

முதலாவது, துளை செல்லும் கோட்டிலே மரத்தின் முகத்திற்கும் அதற்கு எதிரேயுள்ள தடைக்கும் இடையிலுள்ள வெளி. அளவுநாடா அங்கு வளைந்து பொய் சொல்லக்கூடும். மெல்லிய குச்சியொன்றை அவ்வெளியிலே சரியாகப் பொருந்தும்படி வெட்டி எடுத்து வருவதே நன்று. கடையிலே தலையையும் ஊசியையும் அந்தக் குச்சியோடு வைத்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, துளையின் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. தலையின் பருமனிலே பாதி அந்தத் தூரத்துக்குக் குறைந்திருந்தாலன்றித் தலை சுவரிலே முட்டும், ஊசியும் கோணும். தலை குட்டையாயிருந்தும் பருத்திருப்பின் பயனில்லை.

மூன்றாவது, கருவியின் உடல் எந்தப் பக்கமாக நீண்டு கிடக்கப் போகிறது, அங்கே கைக்கும் இடமுண்டா என்பது. ஊசிக்கு வழி கண்டு, கைக்கு வழி காணாது திரும்புவோர் பலர்.

இந்த மூன்று அளவுகளும் கையிலிருந்தால், கடையிலுள்ள வகைகளைத் தரம் பிரிப்பது எளிது. பொதுவாக அவை இருவகைப்படும். ஒருவகை, அறுகோணக் குழியுள்ள சிறு தலை. திருகாணி முடுக்கும் கால் அங்குல அறுகோணத் தண்டுகள் அதிலே நேராகச் செருகப்படும். அதன் உயரம் ஏறத்தாழ 40 முதல் 60 மில்லிமீற்றர்தான். அலுமாரிப் பிணைச்சல்களுக்குத் திருகாணி முடுக்கவும், 5 அல்லது 6 மில்லிமீற்றர் அளவான சிறு துளைகள் இடவும் அது போதும். மற்றைய வகை, தன்னகத்தே சக் பூட்டிய பெருந்தலை. 10 மில்லிமீற்றர் வரையிலான தண்டுகளை அது கவ்வும். பக்கத்திலே ஒரு கைப்பிடியும் இருக்கும். அதன் உயரம் 100 மில்லிமீற்றர் வரை செல்லலாம். கூரைக்குப் போல்ற்று போடும் துளைக்கு இந்த வகையே தகும். சிறு தலையைப் பெருந்துளைக்குப் பயன்படுத்துவது, வண்டிற் பாரத்தை ஆட்டுக்குட்டியின்மேல் ஏற்றுவதற்கு ஒப்பாகும். பற்கள் சிதைந்து, வேலை பாதியில் நிற்கும்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். துளைக்கவேண்டிய மரத்தின் தடிப்பு 100 மில்லிமீற்றர். எதிரேயுள்ள வெளி 170 மில்லிமீற்றர். பெருந்தலையின் உயரம் 100 மில்லிமீற்றர். மரத்தை ஊடுருவ, ஊசி 110 மில்லிமீற்றராவது வெளியே நீண்டிருக்கவேண்டும். இரண்டையும் கூட்டினால் 210. இருக்கும் இடமோ 170. அப்படியாயின் இத்தலை உதவாதா? உதவும். முதலில் 60 மில்லிமீற்றர் மட்டும் நீளும் குட்டை ஊசியைப் பூட்டினால், கூட்டுத்தொகை 160, இடம் போதும். அதனாலே 50 மில்லிமீற்றர் ஆழம் துளைத்த பின்னர், நீண்ட ஊசியை முதலிலே தனியாக அத்துளைக்குள் செருகிவிட்டு, வெளியே நிற்கும் அதன் தண்டிலே தலையின் சக்கைக் கொண்டுசென்று பூட்டவேண்டும். இப்பொழுது வெளியே நிற்பது 60 மில்லிமீற்றர்தான். மீண்டும் கூட்டுத்தொகை 160 ஆகிறது. கழற்றும்பொழுதும் இதே முறை. முதலிலே தலை, பின்னர் ஊசி. அளவும் பொறுமையும் கூடினால், சிறிய இடத்திலும் பெரிய வேலை நடக்கும் என்பதற்கு இது சான்று.

வலிமையைப்பற்றியும் ஒரு சொல். தலைகள் பலவற்றிலே அவை தாங்கக்கூடிய முறுக்குவிசையின் எல்லை பொறிக்கப்பட்டிருக்கும். இன்றைய 18 வோல்ற்றுப் பற்றறிக் கருவிகள் பல அந்த எல்லையைத் தாண்டக்கூடிய வலிமை உடையன. கருவியின் கழுத்திலுள்ள வளையத்தை ஊசிக் குறிக்குத் திருப்பினால் கிளச்சு நழுவாது. முழு வலிமையும் பற்சில்லுகளின்மேல் இறங்கும். எண் குறியிலே வைத்தால், எல்லை கடந்தவுடன் கிளச்சு நழுவித் தலையையும் கையையும் காக்கும். அடித்து அடித்துத் துளைக்கும் சம்மட்டி முறையைச் செங்கோணத் தலையோடு சேர்த்தலாகாது. சரிவுப் பற்கள் அந்த அடியைத் தாங்கா. ஆகவே, கொங்கிறீற்றைத் துளைப்பது இத்தலையின் வேலையன்று. அதிர்ந்து முடுக்கும் கருவியிலே பூட்டுவதாயின், அதற்குத் தகுந்ததெனப் பொறித்துள்ள தலையையே வாங்கவேண்டும்.

கடையிலே தலையைக் கையில் எடுத்துச் சோதிக்கும் முறை எளிது. வால் தண்டை விரலாற் சுழற்றினால் ஓட்டம் ஒரே சீராக இருத்தல் வேண்டும். இடையிலே தட்டுத் தடங்கல் கூடாது. ஊசி பூட்டும் முனையைப் பக்கவாட்டில் ஆட்டினால் தளர்வு தெரியலாகாது. தளர்வுள்ள தலை நேரான துளை இடாது. உறை உலோகமாயின் நெடுநேர வேலையின் வெப்பத்தைத் தாங்கும். சில தலைகளிலே சுழற்சியின் திசை மாறி வெளிவரும். ஆகையால், மரத்திலே வைக்குமுன் வெறுங்காற்றிலே ஒருமுறை ஓடவிட்டு, ஊசி வெட்டும் பக்கமாகச் சுழல்கிறதா என்று பார்த்துக்கொள்வது முறை.

வெளிநாட்டிலுள்ள உறவினர் கருவிகள் அனுப்பும் வழக்கம் இப்பகுதியிலும் உண்டு. கனடாவிலிருந்து வரும் மின்கருவி அங்குள்ள 120 வோல்ற்று மின்சாரத்துக்கென அமைந்தது. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று. தகுந்த மின்மாற்றியின்றி அதனைப் பூட்டினால் மோட்டார் கருகிவிடும். பற்றறியை ஏற்றும் கருவிக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். ஆனால், செங்கோணத் தலையிலே மின்சாரம் இல்லை; அஃது எந்நாட்டிலிருந்து வந்தாலும் ஓடும். பார்க்கவேண்டியது அதன் வால் மட்டுமே. அறுகோண வாலாயின் எந்தச் சக்கிலும் அடங்கும். சக்கைக் கழற்றிவிட்டுப் புரியிலே முறுக்கிப் பூட்டும் வகையாயின், இங்குள்ள கருவியின் புரியும் அதன் புரியும் ஒத்திருந்தாலன்றிப் பயன்படாது. அயலூர்ப் பெண்ணுக்கு அளவெடாமல் வளையல் வாங்கிய கதையாக அது முடியும்.

இனி, காப்பைப்பற்றி. இக்கருவியினால் நேரும் காயங்களை அறிந்தாற்றான் அதனைச் சரியாகத் தெரிந்தெடுக்க முடியும். முதிரையும் பாலையும் வயிரம் பாய்ந்த மரங்கள். அவற்றிலே ஊசி திடீரென இறுகி நின்றுவிடுவதுண்டு. அப்பொழுது ஊசி சுழலாது. அதற்கு மாறாகக் கருவியின் உடல் ஊசியை அச்சாகக் கொண்டு எதிர்ப்பக்கமாக வீசிச் சுழலும். 30 நியூற்றன் மீற்றர் முறுக்குவிசையுடைய கருவியை ஊசியிலிருந்து 25 சென்ரிமீற்றர் தொலைவிலே பிடித்திருந்தால், கைமேல் வரும் விசை 120 நியூற்றன். அஃதாவது 12 கிலோகிராம் நிறையைத் தூக்கும் அளவு. ஏணிமேல் நிற்பவருக்கு, எதிர்பாராத கணத்திலே இது சிறிய விசையன்று. குறுகிய இடமாதலால், கருவிக்கும் மரத்துக்கும் இடையிலே விரல்கள் அகப்பட்டு நசுங்குவதும் உண்டு.

இதற்குப் பரிகாரம் வலிமையன்று, முன்யோசனையே. ஊசி வலமாகச் சுழலும்பொழுது கருவியின் உடல் இடமாக வீசும். ஆகவே, வேலை தொடங்குமுன்னரே அந்தப் பக்கத்திலுள்ள கைமரத்தோடு கருவியின் உடலை அணைத்து வைத்துவிட்டால், வீசுவதற்கு இடமில்லாது போகும். கையை அந்த இடைவெளிக்குள் வைத்தலாகாது. முதலில் 5 அல்லது 6 மில்லிமீற்றர் ஊசியால் வழித்துளை இட்டு, பின்னர் பெரிய ஊசியை மெல்லச் செலுத்தினால் இறுகும் வாய்ப்பும் குறையும். தலையிலே பக்கக் கைப்பிடி உண்டாயின் அதனைப் பூட்டாமல் வேலை தொடங்கலாகாது. அது தலையே சக்கோடு சேர்ந்து சுழன்றுவிடாமற் காக்கிறது. கைப்பிடியே இல்லாத பெருந்தலையை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்காதிருப்பதே அறிவுடைமை.

கூரையின்கீழ் மின்கம்பிகள் செல்லும். துளைக்குமுன் வீட்டின் பிரதான விசையை நிறுத்திவிட்டு, பற்றறிக் கருவியினால் வேலை செய்வது பாதுகாப்பானது. கண்ணுக்குக் கண்ணாடி அணிதலும் வேண்டும். தலைக்குமேல் துளைக்கும்பொழுது தூளெல்லாம் முகத்திலேதான் விழும். அஸ்பெஸ்தோஸ் தகடு வேய்ந்த கூரையாயின், ஊசி தகட்டைத் தீண்டாதவாறு ஆழத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு செய்வது. ஊசியிலே ஒரு துண்டு நாடாவைச் சுற்றி ஆழத்தைக் குறித்தால் போதும்.

துளையின் இடமும் அளவும் கூட விதிக்கு உட்பட்டவை. மரத்தின் முனைக்கு மிக அருகே துளைத்தால், காற்று இழுக்கும்பொழுது முனை பிளந்துவிடும். போல்ற்றின் விட்டத்தைப்போல 7 மடங்கு தூரமாவது முனையிலிருந்து தள்ளித் துளைக்கவேண்டும் என்பது மரவேலைப் பொறியியலார் கைக்கொள்ளும் பொதுவிதி. 12 மில்லிமீற்றர் போல்ற்றாயின் 84 மில்லிமீற்றர். துளையும் போல்ற்றைவிட ஒரு மில்லிமீற்றர் அளவே பெரிதாக இருக்கலாம். துளை பெருத்தால் போல்ற்று ஆடும். ஆடும் பிணைப்பு ஒவ்வொரு காற்றுக்கும் கொஞ்சங் கொஞ்சமாகத் தளரும். இந்தத் துல்லியத்துக்காகவே நேரான துளை வேண்டும். நேரான துளைக்காகவே செங்கோணத் தலை வேண்டும்.

ஒவ்வொருவரும் இதனை வாங்கவேண்டுமா என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை அலுமாரிக்குத் திருகாணி முடுக்குபவருக்குச் சிறு தலையே மிகை. குட்டைத் திருப்புளி ஒன்றே போதும். 6 மில்லிமீற்றருக்கு உட்பட்ட துளைகளை வளைந்த இடங்களிலே இடுபவருக்கு, வளையும் கம்பித் தண்டு உதவும். ஆயின் அது பெருந்துளைக்கு வலிமை தராது. மாதந்தோறும் கூரை திருத்தும் ஓடாவிக்கு, தலையைத் தனியாகப் பூட்டுவதினும், செங்கோணமாகவே வார்த்து வந்த முழுக்கருவி இலாபம். இடைப்பட்டவர்களுக்குத்தான் பூட்டிக் கழற்றும் செங்கோணத் தலை. ஓர் ஊரிலுள்ள நாலு ஓடாவிகள் கூடி ஒரு நல்ல தலையை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்துவதும் நடக்கக்கூடியதே. நாலு மலிந்த தலைகளைவிட நல்ல தலை ஒன்று நெடுங்காலம் உழைக்கும்.

வீட்டுக்காரரும் இதிலே ஒன்று செய்யலாம். கூரை திருத்த வரும் ஓடாவியிடம், கூலியைக் கேட்பதோடு நில்லாது, “சுவர் மூலையில் இருக்கிற கைமரத்துக்கு எப்படித் துளை போடப் போறீங்கள்?” என்று ஒரு கேள்வியையும் கேட்கலாம். அறிந்தவர் அளவெடுத்து விடை சொல்வார். அறியாதவர், “அதெல்லாம் ஆணியே காணும்” என்பார். பின்னவரின் கூலி குறைவாகவே இருக்கக்கூடும். எனினும், ஐப்பசி கார்த்திகையிலே வானம் கறுத்து, வாவி அலைபுரண்டு, தென்னைகள் தலைவிரித்து ஆடும் இரவிலே, குழந்தைகளை அணைத்துக்கொண்டு கூரையை நிமிர்ந்து பார்க்கும்பொழுது, அந்தச் சிறு இலாபத்தை எவரும் எண்ணிப் பார்க்கமாட்டார்.

வீட்டிலே அழகான பகுதிகள் பல. வாயிற்கதவின் சித்திரவேலையை வந்தவர் எல்லாம் பார்ப்பர். முகட்டின் மூலையிலே, இருளிலே, ஓட்டின் கீழே முடுக்கப்பட்ட ஒரு போல்ற்றை எவரும் பாரார். பாராத இடத்திலே செய்யும் வேலையிலேதான் தொழிலாளியின் நேர்மை தங்கியிருக்கிறது. அந்த நேர்மைக்குத் துணை நிற்பது விலையுயர்ந்த கருவியன்று. இடத்தை அறிந்து எடுத்த கருவி. முதலில் மூலையை அளக்கவேண்டும். பின்னரே கருவியை வாங்கவேண்டும்.